கிணற்றடிக் காட்சியை ரீவைண்ட் செய்தவர்கள்

'பண்டிட் குயின்' படத்தை நான் முதலில் பார்த்தது 1996-இல், அம்மையார்குப்பத்தில், ஒரு தறி ஷெட்டில். டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகை. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு எடுத்தது. எங்கள் ஊரில் பகலெல்லாம் தறிச் சத்தம் காதை அடைக்கும். அன்றைக்குத் தறிகளை நிறுத்திவிட்டு, நடுவில் கிடைத்த இடத்தில் இருபது இருபத்தைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்திருந்தது கதவோரம். காசு கொடுத்தால் காலனிப் பையனும் ஷெட்டுக்குள் வந்து படம் பார்க்கலாம். எங்கே உட்கார வேண்டும் என்பது மட்டும் யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படம் இந்தி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. கதை தெரிந்துகொள்ள யாரும் வரவில்லை. அந்தப் படத்தில் 'ஒரு சீன்' இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் வந்திருந்தோம். பூலான் தேவியின் சின்ன வயது, கல்யாணம், அடி, உதை எல்லாம் வேகமாக ஓட்டப்பட்டது. பிறகு அது வந்தது. அவரை நிர்வாணமாக்கி, ஊர் பார்க்க, கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க விரட்டும் காட்சி. விசில் அடித்தார்கள். முடிந்ததும் யாரோ ஒருவர் ரீவைண்ட் செய்தார். மறுபடியும் பார்த்தார்கள். மூன்றாவது முறை நடுவில் நிறுத்திவைத்தார்கள். திரையில் கோடு கோடாக ஓடி, படம் நடுங்கிக்கொண்டே நின்றது.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம் பாதி. மீதிப் பாதி என்ன என்று நேராகச் சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் சென்னையிலிருந்து நான்கு பேர் என்னைத் தேடி வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். எல்லோருக்கும் முப்பதுக்குள். தோழர் ஒருவர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். மடிக்கணினியின் மூடியில் அம்பேத்கர் படம் ஒட்டியிருந்தது. நல்ல பிள்ளைகள், இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவி வைத்தார்கள், நாங்கள் பேசியதைக் குறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் எடுக்க நினைத்தது நாற்பது நிமிடப் படம். மாதம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஒரு பெண்ணின் ஓர் இரவு. வசனம் கிடையாது. படம் முழுக்கக் காமிரா ஒரு கதவிடுக்கு வழியாகவே உள்ளே பார்க்கும். பார்வையாளர் ஒளிந்திருந்து பார்ப்பவராக ஆக்கப்படுவார். முதலில் கிளர்ச்சி அடைவார், பிறகு கிளர்ச்சி அடைந்ததற்காக வெட்கப்படுவார். அந்த வெட்கம்தான் படத்தின் அரசியல் என்று இயக்குநர் தம்பி விளக்கினார். நடுநடுவே திருத்தணி மலை வரும். தினைப்புனத்தில் காவல் இருந்த வள்ளியை முருகன் மறைந்திருந்து பார்த்த கதை வரும். கடவுளே ஒளிந்து பார்த்தவர்தானே என்றார். எங்கள் பக்கத்து நாடக மேடையில் வள்ளி வேலனை நிற்கவைத்து மணிக்கணக்கில் தர்க்கம் பண்ணுவாள், அந்தப் பகுதி உங்கள் படத்தில் வருமா என்று கேட்டேன். வசனம் இல்லாத படம் என்றார்.

என்னிடம் அவர்கள் கேட்டது இரண்டு. அப்படியொரு கதவு உள்ள வீடு ஒன்று. கூடவே, ஓர் 'உண்மையான முகம்'. இரவுக் காட்சிகளில் சென்னையிலிருந்து வரும் நடிகை இருப்பார். முகமும் கையும் மட்டும் நெருக்கத்தில் காட்டும் இடங்களுக்கு நிஜமாகவே நேர்ந்துவிடப்பட்ட ஒரு பெண் வேண்டும்.

மாதம்மா வழக்கம் பற்றித் தெரியாத தோழர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்திலும் எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்திலும் அருந்ததியர் குடும்பங்களில் பெண் குழந்தைக்கு நோய் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதபோது, பிள்ளை பிழைத்தால் போதும் என்று மாதம்மாவுக்கு நேர்ந்துவிடுவார்கள். பொட்டு கட்டியாகிவிட்டால் கல்யாணம் கிடையாது. திருவிழாவில் ஆட வேண்டும். அவள் யாருக்கும் மனைவி இல்லை என்பதால் எல்லோருக்கும் ஆனவள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலேயே வந்தது. ஆந்திரத்தில் 1988-இல் தனிச் சட்டம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லை மாறிய வேகத்தில் இந்த வழக்கம் மாறவில்லை. 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரண்டு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அதிகம் வந்தவை காமிராக்கள்தான்.

வந்த பிள்ளைகள் தங்களுக்கு முன்மாதிரி என்று சொன்ன படங்களில் ஒன்று 'பண்டிட் குயின்'. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தறி ஷெட் ஞாபகம் வந்தது. அவர்களிடம் அப்போது சொல்லவில்லை.

அந்தப் படத்தைப் பற்றிச் சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. பூலான் தேவி மல்லா சாதியில், படகோட்டிகள் குடும்பத்தில் பிறந்தவர். பெஹ்மாய் தாக்கூர்கள் ஊர். 1981 பிப்ரவரி 14 அன்று அங்கே நடந்த படுகொலைக்காக நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. விசாரணை முடியாமலே பதினோரு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு 1994 பிப்ரவரியில் வெளியே வந்தார். அதே ஆண்டு சேகர் கபூர் இயக்கிய படம் கான் விழாவில் திரையிடப்பட்டது. பிரிட்டனின் சேனல் 4 பணம் போட்ட படம். இது உண்மைக் கதை என்ற அறிவிப்போடுதான் படம் தொடங்கும். அந்த உண்மைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தார். அவரைக் கேட்கவில்லை. படத்தை அவருக்குப் போட்டுக் காட்டவும் இல்லை.

அருந்ததி ராய் அப்போதே இதைக் கடுமையாக எழுதினார். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் வன்புணர்வை அவருடைய அனுமதி இல்லாமல் திரும்ப நடத்திக் காட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பது அவர் கேள்வி. பெஹ்மாயில் தனக்கு நடந்ததைப் பூலான் தேவி நேராகச் சொல்ல மறுத்தவர், சுற்றி வளைத்து மட்டுமே பேசியவர் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நடந்ததைச் சொல்லாமல் இருப்பது அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்த ஒரே சேலை. அதையும் படம் உருவிவிட்டது. பூலான் தேவி டெல்லி உயர்நீதிமன்றம் போனார். கடைசியில் நாற்பதாயிரம் பவுண்டுக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டாரே என்று இன்றும் சிலர் சொல்வார்கள். பதினோரு ஆண்டு சிறையிலிருந்து வெறுங்கையோடு வந்தவர் வாங்கிக்கொண்டார். அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

உச்சநீதிமன்றத்துக்குப் போன வழக்கு வேறு. அதைப் போட்டவர் ஒரு குஜ்ஜர். படத்தில் பாபு குஜ்ஜர் என்ற பாத்திரம் வன்புணர்வு செய்கிறவனாகக் காட்டப்பட்டதால் தன் சமூகத்துக்கு இழிவு வந்துவிட்டது என்பது அவருடைய புகார்களில் ஒன்று. கவனியுங்கள். ஒரு பெண் நாசமாக்கப்படும் கதையில், மானம் போனதாக நீதிமன்றத்தில் நின்றது வன்புணர்ந்தவனின் சாதிப் பெயர். 1996 மே 1 அன்று தீர்ப்பு வந்தது. படத்துக்கு அனுமதி. அந்த நிர்வாணக் காட்சி பார்ப்பவரைக் கண்கலங்க வைக்கும், அருவருப்படைய வைக்கும், வக்கிரம் பிடித்தவனுக்கு மட்டுமே அதில் கிளர்ச்சி வரும், வக்கிரக்காரனுக்குப் பயந்து நாங்கள் தணிக்கை செய்யமாட்டோம் என்ற பொருள்பட நீதிமன்றம் சொன்னது. யூதர்களை நிர்வாணமாக நடத்திச் செல்லும் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' காட்சியையும் எடுத்துக்காட்டியது.

கருத்துரிமை பேசுகிறவர்கள் மெச்சுகிற தீர்ப்பு இது. தணிக்கை வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். தணிக்கைக் கத்தரி யார் கையில் இருக்கும், எந்தப் படங்களை வெட்டும் என்று நமக்குத் தெரியும். சாதியின் பெயரை உரக்கச் சொன்னால் முதலில் ஓடிவருவது அதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது தறி ஷெட்டில் உட்கார்ந்திருந்த இருபத்தைந்து பேரும் என் கண்முன் வருகிறார்கள். அத்தனை பேரும் வக்கிரம் பிடித்தவர்களா? விடிந்தால் தறியில் உட்காரப் போகிறவர்கள், அக்காள் தங்கையோடு பிறந்தவர்கள். அவர்களில் ஒருவனுக்குக்கூடக் கண் கலங்கவில்லை. படம் எடுத்தவருடைய நோக்கத்தை நீதிமன்றம் பார்த்தது. ரீவைண்ட் பொத்தானில் கை வைத்தவனுக்கு அந்தப் பெண் யாராகத் தெரிந்தாள் என்பது அங்கே பேச்சில் வரவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காட்சியில் நடந்தது சீமா பிஸ்வாஸ் அல்ல, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் என்று சொல்லப்பட்டது. சீமா பிஸ்வாஸ் மிகச் சிறந்த நடிகை, தேசிய விருது வாங்கினார், அதற்குத் தகுதியானவர். பதிலாக நடந்த அந்தப் பெண்ணின் பெயர் எந்த விவாதத்திலும் வந்து நான் பார்த்ததில்லை. உடம்பு மட்டும் வாடகைக்கு வந்தது, எங்கள் டெக்கைப் போல.

நம் பிள்ளைகள் முன்வைக்கும் வாதம் இதைவிட நுட்பமானது. உடம்பைத் திறந்து காட்டுவது ஒரு கலகம், மூடிவைத்ததெல்லாம் அதிகாரம் என்கிறார்கள். ஐரோப்பாவில், அமெரிக்காவில் இது ஒருவகையில் உண்மையாக இருந்திருக்கிறது. தேவாலயமும் குடும்பமும் சட்டமும் சேர்ந்து உடம்பைப் பூட்டிவைத்த இடத்தில் பூட்டை உடைத்தது கலகம்தான். கரோலி ஷ்னீமன் என்ற ஓவியர் 1960-களில் தானும் தன் துணைவரும் கூடுவதைத் தானே காமிரா வைத்து எடுத்து, அந்தப் பிலிம் சுருளின் மேல் வண்ணம் பூசி, சுரண்டி, எரித்து 'ஃபியூசஸ்' என்று ஒரு படமாக்கினார். அதில் யாரும் எதையும் திருடவில்லை. உடம்பும் அவருடையது, காமிராவும் அவருடையது.

அதே ஐரோப்பாவில்தான் 1972-இல் 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' எடுக்கப்பட்டது. மரியா ஷ்னைடருக்கு அப்போது பத்தொன்பது வயது, மார்லன் பிராண்டோவுக்கு நாற்பத்தெட்டு. வெண்ணெயை வைத்து வரும் அந்தக் காட்சியின் விவரத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. நடிகையாக நடிக்கக் கூடாது, ஒரு பெண்ணாக அவமானப்பட வேண்டும் என்பதற்காகவே சொல்லவில்லை என்று இயக்குநர் பெர்டோலூச்சியே பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். மரியா ஷ்னைடர் 2011-இல் இறந்துபோனார். கடைசிவரை அந்தப் படத்தை அவர் மன்னிக்கவில்லை. 'உண்மையான முகம்' வேண்டும் என்று கலைஞர் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது. அவர் தேடும் அந்த உண்மை பெரும்பாலும் மறுத்துப் பேச முடியாத ஒருவருடைய அவமானமாகத்தான் இருக்கிறது.

நம் மண்ணின் கணக்கு வேறு. தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பது சட்டம் போலவே இருந்தது. மேல்சாதிக்காரன் வந்தால் திறந்து காட்டுவதுதான் மரியாதை. பல பத்தாண்டுகள் அடிபட்டு, வீடு எரிக்கப்பட்டு, சந்தையில் ரவிக்கை கிழிக்கப்பட்டு, 1859 ஜூலையில் மூடிக்கொள்ளும் உரிமையை வாங்கினார்கள். அந்த ஆணையிலும் ஒரு வால் இருந்தது: மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது. நம் பாட்டிகளுக்குக் கலகம் என்பது போர்த்திக்கொண்டது. திறந்து கிடந்தது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட சட்டம். அந்த வரலாற்றைக் கொண்ட ஒரு பெண்ணின் உடம்பைத் திறந்து காட்டிவிட்டு, தடையை உடைத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், உடைந்தது எந்தத் தடை? யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் உடம்பை எந்தச் சாதி எப்போது பூட்டி வைத்தது?

இதற்கு நேர் மறுபக்கம் பி.கே. ரோஸி. மலையாளத்தின் முதல் கதாநாயகி, தலித் பெண். 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். நன்றாக உடுத்திக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கௌரவமான வீட்டுப் பெண்ணாகத் திரையில் வந்தார். திருவனந்தபுரத்தில் திரையின் மேல் கல் எறிந்தார்கள், அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டு, நடித்ததையே மறைத்து வாழ்ந்து முடித்தார். தலித் பெண் உடுத்திக்கொண்டு வந்தால் கலவரம். உடையில்லாமல் வந்தால் விழாவில் எழுந்து நின்று கைதட்டு.

யார் யாரைப் பார்க்கலாம் என்பதும் இந்த நாட்டில் சாதி எழுதிவைத்த சட்டம்தான். நம் பையன்கள் ஜீன்ஸ் போட்டுக் கூலிங் கிளாஸ் மாட்டினால் அது ஒரு குற்றம் என்று 2012-இல் மேடை போட்டுப் பேசினார்கள். 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் அடுத்த நாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஒரு பக்கம் பேசியதற்கே தலை போகிறது. இன்னொரு பக்கம் பார்ப்பதற்கென்றே சில பெண்கள் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். கதவிடுக்கு என்று அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்களே, மாதம்மாவின் வீட்டுக்கு எங்கள் பக்கம் கதவே கிடையாது, நிஜமாகவே. பல வீடுகளில் ஒரு சாக்குப் படுதாதான். ஒளிந்து பார்க்க வேண்டிய தேவை எவனுக்கும் இருந்ததில்லை.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் காட்டவே கூடாதா என்பார்கள். பெண்ணுக்கு நடந்த கொடுமையை மறைத்துவிட்டால் யாருக்கு லாபம்? சரியான கேள்வி. இதற்கு எனக்குக் கிடைத்த பதில் சினிமாவிலிருந்து வரவில்லை, எங்கள் வட்டாரத்துக் கூத்திலிருந்து வந்தது.

திரௌபதை அம்மன் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. துகிலுரிதல் நடக்கும் ராத்திரி தனி. திரௌபதையாக வருவது ஓர் ஆண். துச்சாதன வேடக்காரர் அதுவரை துள்ளிக் குதித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். சேலையில் கை வைக்க வேண்டிய நேரம் வந்ததும் நின்றுவிடுவார். கற்பூரம் ஏற்றுவார்கள். விழுந்து கும்பிட்டு, நான் வேஷக்காரன் தாயே, மன்னித்துக்கொள் என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். சேலைக்கு மேல் சேலை, உருவ உருவ வரும். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுவார்கள், சிலருக்கு அருள் வரும். திரௌபதை சபையைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த மேடையில் பார்க்கப்படுவது சபைதான். பீஷ்மர் தலை குனிகிறார், துரோணர் தலை குனிகிறார். ஒரு பெண்ணை ஊர் நடுவில் அவமானப்படுத்திய கதையை, ஒரு அங்குலம் உடம்பு தெரியாமல், இத்தனை தலைமுறைக்குச் சொல்ல முடிந்திருக்கிறது.

தறி ஷெட்டில் விசில் அடித்தவர்களை நான் அந்தக் கூத்திலும் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள், கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

கூத்தை ரொம்பவும் தூக்கிவைக்கவும் எனக்கு மனமில்லை. காலனிக்காரர்கள் அந்தக் கூத்தை எட்ட நின்று பார்த்த காலம் உண்டு. கை கூப்பியதில் பாதி கலைக்கு என்றால், மீதிப் பாதி திரௌபதை ராணி என்பதற்கு, சாமி என்பதற்கு. மாதம்மாவும் சாமிதான் என்று சொல்லித்தான் சிறுமிக்குப் பொட்டு கட்டுகிறார்கள், அவள் முன்னால் யாரும் விழுந்து மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மல்லா சாதிப் பெண்ணுக்கு எங்கள் ஷெட்டில் கிடைத்ததும் அதுதான். இந்தி தெரியாதே, அவள் சாதி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கிணற்றடிக்கு விரட்டப்படுகிறவள் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ள இந்த நாட்டில் மொழி வேண்டியதில்லை.

சினிமாவிலும் வேறு வழி இல்லாமல் இல்லை. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' 2019-இல் வந்தது. கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் அதில் நாயகி. அந்தப் படத்தோடு எனக்குச் சண்டைகள் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் அந்தச் சிறுபெண் ஆற்றில் குளிக்கும் ஒருவனை மறைந்திருந்து ஆசையோடு பார்க்கிறாள். பார்க்கக் கூடாதவள் என்று ஒதுக்கப்பட்டவளுக்குக் கண் இருக்கிறது, அதில் ஆசை இருக்கிறது என்று ஒரு படம் நினைத்துப் பார்த்திருக்கிறது. காமத்தைப் பற்றிப் படம் எடுக்கிறவர்களுக்கு அதில் எவ்வளவோ வேலை இருக்கிறது.

கடைசியில் அந்த நான்கு பேரையும் நான் ஓர் அத்தையிடம் கூட்டிப்போனேன். அவர் சம்மதித்தால் சரி, இல்லாவிட்டால் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவருக்கு ஏழு வயதில் பொட்டு கட்டினார்கள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். முதியோர் உதவித்தொகைக்காக நான் எழுதிக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அவர்களுக்கு டீ வைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கதையை விளக்கினார். அத்தை முழுவதும் கேட்டார்.

"எடுத்து எங்க காட்டுவீங்க?"

வெளிநாட்டில் பெரிய விழாக்கள் நடக்கும், அங்கே காட்டுவோம் என்றார் அந்தப் பெண்.

"இங்க காட்டுவீங்களா? கோயிலாண்ட திரை கட்டி?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க காட்டினா தப்பாப் புரிஞ்சுக்குவாங்கம்மா" என்றார் இயக்குநர் தம்பி.

"யாரு?"

"ஊர்க்காரங்க."

"ஊர்க்காரனுக்குத் தெரியாதது இன்னா இருக்குது நைனா என்னாண்ட?" என்றார் அத்தை. கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நீ அவன் பாத்ததத்தான் மறுபடி எடுக்கப் போற. நான் பாத்தத எடுக்கிறியா? நான் உள்ளதான இருந்தேன். வாசப்படியாண்ட எவன் எவன் வந்து நின்னான், எந்த எந்த ஊட்டுக்காரன், எல்லாம் எனக்குத் தெரியும். பேரு சொல்றேன், எழுதிக்கோ."

யாரும் எழுதவில்லை. அது வேறு மாதிரிப் படமாகிவிடும் என்று தம்பி மெதுவாகச் சொன்னார். திருத்தணி வரைக்கும் பஸ்ஸில் அவர்களோடு போனேன். வழியில் அந்தப் பெண் மட்டும் என்னிடம், காமிராவை உள்ளே வைத்து வாசலைப் பார்க்கத் திருப்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கேட்டது என்னிடமா, தனக்குள்ளேயா என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து இயக்குநரிடமிருந்து செய்தி வந்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் வேறு யாராவது இருப்பார்களா என்று கேட்டிருந்தார். இல்லை என்று பதில் போட்டேன். தறி ஷெட் கதையையும் எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

உதவித்தொகை விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்கு அத்தையைக் கூட்டிப்போன அன்று, வரிசையில் நிற்கும்போது கேட்டார்: "அந்தப் பிள்ளைங்க அப்புறம் வந்தாங்களா? பேரு எழுதிக்காமயே பூட்டாங்களே."